தேரி மணலுக்கு எந்தச் சிவப்பு?

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டைப் பற்றி எழுதிய கதை ஒன்றை நானே இங்கிலீஷில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் மணலும், ஒரு செவலைப் பசுவும், ஆச்சியின் அரக்குச் சேலையும் வருகின்றன. மூன்றுக்கும் ‘ரெட்’ என்றே போட்டிருந்தேன். படித்த நண்பர், ‘வறண்டு கிடக்கிறது, கிரிம்சன், ஸ்கார்லெட், வெர்மிலியன் என்று மாற்றிப் போடு’ என்கிறார். அகராதியைப் பார்த்தால் எல்லாமே சிவப்புதான். எதை எங்கே வைப்பது?

ஒரு வாசகர், திசையன்விளை

அன்புள்ள தம்பி,

நண்பர் சொன்ன மூன்றையும் விட்டுவிடுங்கள். கிரிம்சன் லேசாக நீலம் ஓடும் ஆழ்ந்த சிவப்பு. கெர்மெஸ் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தால் வந்த பெயர். ஸ்கார்லெட் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த பளீர்ச் சிவப்பு. முதலில் அது நிறத்துக்கே பெயர் இல்லை, உயர்ந்த ரகக் கம்பளித் துணிக்குப் பெயர். வெர்மிலியன், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த வண்ணப்பொடி. மூன்றிலும் சாயக்காரன் கை இருக்கிறது. மண்மேல் இவற்றை வைத்தால், யாரோ பூசிவிட்டுப் போன நிறமாகத் தெரியும்.

தேரி மணலின் சிவப்பு இரும்பிலிருந்து வருவது. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய தோலாக இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. துருவும் அந்த வகைதான். ஆகவே ‘ரஸ்ட்’ என்ற சொல் இங்கே பொருந்தும். ஆனால் ஒரே ஒரு இடத்தில் போடுங்கள். உச்சி வெயிலில் அந்த மணல் வெளிறி ஆரஞ்சாகக் கண்ணைக் கூசும். ஒரு மழை பெய்து ஓய்ந்தபின் அள்ளினால் ஈரக் கருஞ்சிவப்பாக உள்ளங்கை ரேகைகளில் ஏறிக்கொள்ளும், கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். கதையில் எந்த வேளை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் நிற்கும் மண்ணை எழுதிவிட்டால், பக்கத்தில் வெறும் ‘ரெட்’ இருந்தாலே போதும்.

சேலை சுலபம். நம்மூர் ஜவுளிக்கடையில் அரக்கு கேட்டால் மரூன் என்று சொல்லித்தான் எடுத்துப் போடுகிறார்கள். பழுப்பு கலந்த கருஞ்சிவப்பு. அதையே எழுதுங்கள்.

நீங்கள் தயங்கவே வேண்டாத இடம் பசு. இங்கிலீஷில் ‘ரெட்’ நாம் பள்ளியில் படித்ததைவிட ரொம்ப அகலமான சொல். அவர்கள் செம்பட்டை முடியையும் ரெட் என்பார்கள், செம்பழுப்பு அணிலையும் ரெட் என்பார்கள். ராபின் குருவிக்கு மார்பு ஆரஞ்சு நிறம். பெயர் என்னவோ ‘ரெட்பிரெஸ்ட்’. அந்தப் பெயர் வந்த காலத்தில் ஆரஞ்சு என்ற சொல் அங்கே நிறத்தைக் குறிக்கவில்லை, 16ஆம் நூற்றாண்டில்தான் அது நிறப்பெயராகப் புழங்கத் தொடங்கியது. மாட்டு விஷயத்தில் இன்றைக்கும் இதே வழக்கம்தான். ரெட் சிந்தி மாட்டை நம் பண்ணைக்காரர்களும் அப்படித்தானே சொல்கிறார்கள்? செவலைப் பசு இங்கிலீஷிலும் ‘ரெட் கௌ’தான். அந்த இடத்தில் நீங்கள் முதலில் எழுதியதே சரி, யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

‘செஸ்ட்நட்’ போடச் சொல்லியும் யாராவது வருவார்கள். நிறம் என்னவோ கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கிலீஷ் வாசகருக்கு அந்தச் சொல் குதிரையோடு ஒட்டிய சொல். அதிலும் பிடரியும் வாலும் கறுப்பாக இருந்தால் ‘பே’ என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் பசுவுக்கு அது வேண்டாம்.

அன்புடன்,
அண்ணாச்சி