நாடக ஆசிரியர் ஒருவர் துப்பறியும் நாவலும் எழுதிப் பெயர் வாங்கியதுண்டா? அந்த இரண்டு கைப்பழக்கமும் ஒத்துவருமா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஏ. ஏ. மில்ன். வின்னி-த-பூ கரடிக்கதை எழுதியவரேதான். அந்தக் கரடி புத்தகமாக வந்தது 1926-ல். அதற்கு முன்பே மில்ன் லண்டன் மேடையில் பேர்பெற்ற நாடக ஆசிரியர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, 'பஞ்ச்' நகைச்சுவை இதழில் உதவி ஆசிரியரானவர். முதல் நாடகம் 1917-ல் மேடையேறியபோது பட்டாளத்தில் இருந்தார்.

1922-ல் 'தி ரெட் ஹவுஸ் மிஸ்டரி' என்ற அவருடைய துப்பறியும் நாவல் வந்தது. அப்பாவுக்குத் துப்பறியும் கதைகள் என்றால் உயிர், அவருக்கே காணிக்கையாக்கினார். நகைச்சுவை எழுத்தாளருக்கு இதெல்லாம் எதற்கு என்று அவருடைய ஏஜென்ட் தயங்கினாராம். நாவல் நன்றாகப் போனதும் மில்ன் குழந்தைப் பாடல்களுக்குத் தாவிவிட்டார்!

நீங்கள் கேட்ட கைப்பழக்கம் முதல் பக்கத்திலேயே தெரியும். வெயில் மதியம், சமையலறைப் பக்கம், வீட்டுப் பணிப்பெண்கள் இருவர் பேசிக்கொள்கிறார்கள். எசமானின் அண்ணன் பதினைந்து வருடம் கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறான் என்ற சேதி அந்தப் பேச்சிலேயே நமக்கு வந்துவிடுகிறது. திரை விலகியதும் வேலைக்காரர்களைப் பேசவிட்டுக் கதையைத் தொடங்குவது பழைய நாடக உத்தி. பிறகு பூட்டிய அறை, துப்பாக்கிச் சத்தம், கதவைத் தட்டும் ஒருவன். யார் எந்த வாசலால் வந்தார், எதனால் போனார் என்பதுதான் மர்மமே. முடிச்சு அவிழும் இடத்தில் ஒப்பனை அறை வாசனையே அடிக்கும். அதற்கு மேல் சொன்னால் பாவம்.

அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-ல் இந்த நாவலைக் கட்டுரை எழுதிப் பிரித்து மேய்ந்தார். பிணத்தின் அடையாளத்தைக்கூட யாரும் சரிபார்க்கவில்லையே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த உரையாடல்களின் துள்ளலுக்காகவே நான் இரண்டு முறை படித்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் மில்னுடைய அசல் சாமர்த்தியம் 1928-ல் எழுதிய 'தி ஃபோர்த் வால்' நாடகத்தில்தான். கொலையை முதல் அங்கத்திலேயே நம் கண்முன் செய்துகாட்டிவிடுகிறார். யார் செய்தது என்று தெரிந்துகொண்டே, சூசன் என்ற பெண் அதைக் கண்டுபிடிப்பாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்ள உட்கார்ந்திருக்கிறோம். நாவலை முதலில் படியுங்கள், பிறகு இதை எடுங்கள்.