கீசர் தண்ணியா ஐஸ் தண்ணியா, மூஞ்சிக்கு எது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 26 வயசு, சென்னை ஓஎம்ஆர்ல வேலை, ஹாஸ்டல்ல இருக்கேன். காலையில குளிக்கறப்போ கீசர் தண்ணிலயே மூஞ்சியும் கழுவிடுவேன், சூடு பட்டா போர்ஸ் திறந்து அழுக்கு வெளிய வரும்னு ரீல்ஸ்ல பாத்தேன். நைட்டு கிண்ணத்துல ஐஸ் போட்டு மூஞ்சிய முக்கி எடுப்பேன், திறந்த போர்ஸ் மூடிக்கும்னு. ரெண்டு மாசமா கன்னம் ரெண்டும் செவந்து உரியுது, வெறும் தண்ணி பட்டாலே எரியுது, ஆனா நெத்தியில எண்ணெய் வழியுது, பருவும் போகல. சோப்பு சாதா குளியல் சோப்புதான். பிரெண்டு சொன்னான்னு மெடிக்கல்ல ஒரு க்ரீம் வாங்கி நைட்ல போடுறேன், மொத ரெண்டு வாரம் நல்லா பளிச்சுன்னு இருந்துச்சு. அம்மா பச்சத்தண்ணி போதும்டின்னு திட்டுறாங்க. எந்தச் சூட்டுல தண்ணி யூஸ் பண்ணணும்?

பதில்: அம்மா சொல்றதுதான்மா சரி. நீங்க இருக்கற ஊருக்கு ரொம்பவே சரி. ஆனா இத படிச்சதும் எனக்கு தண்ணிய விட அந்த க்ரீம்தான் உறுத்துச்சு, போறபோக்குல ஒரு வரில சொல்லிட்டு போயிட்டீங்க. அதுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல தண்ணிய பேசி முடிச்சிடலாம்.

போர்ஸ் திறக்கறது மூடறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. திறந்து மூடணும்னா அந்த ஓட்டைய சுத்தி ஒரு தசை வேணும்ல, அது அங்க இல்ல. முடிக்கால் பக்கத்துல ஒரு குட்டி தசை இருக்கு, குளிர்ல புல்லரிக்கும்போது முடிய நிமித்தி விடும், அவ்வளவுதான் அதோட வேலை, ஓட்டைய அகலப்படுத்தறதுக்கோ சுருக்கறதுக்கோ அதால முடியாது. சூடு பட்டா உள்ள இருக்கற எண்ணெய் கொஞ்சம் இளகும், அதுக்காகத்தான் பார்லர்ல ஆவி காட்டிட்டு மூக்குல பிளாக்ஹெட் எடுக்கறாங்க, எடுத்த இடத்துல சில வாரத்துல மறுபடி அடைச்சுக்கும். அந்தக் கருப்பு அழுக்கும் இல்ல, காத்து பட்டு கருத்துப்போன எண்ணெயும் மெலனின்ங்கற தோல் நிறமியும்தான், அதனால எவ்வளவு சுடச்சுட கழுவினாலும் அது போகாது. ஐஸ் தண்ணில முக்கினதும் போர்ஸ் சின்னதா தெரியுதே டாக்டர்னு கேப்பீங்க. ரத்தக்குழாய் சுருங்கி தோல் கொஞ்ச நேரம் இறுகின மாதிரி இருக்கும், கண்ணுக்கு கீழ வீக்கம் இருந்தா அதுவும் வடியும், ஆபீஸ் கிளம்பறதுக்குள்ள பழைய நிலைக்கு வந்துடும்.

இப்ப சுடுதண்ணி என்ன பண்ணுதுன்னு பாக்கலாம். நம்ம மேல்தோல்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம்னு ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கு, உள்ள இருக்கற ஈரம் வெளிய போகாம, வெளிய இருக்கறது உள்ள வராம காக்கறது அதுதான். எண்ணெய் சட்டிய பச்சத்தண்ணில தேய்ச்சா பிசுபிசுன்னு நிக்கும், சுடுதண்ணி ஊத்தினா ஓடிடும்ல, மூஞ்சிலயும் அதேதான் நடக்குது. ஆனா சட்டில போகணும்னு நினைக்கற கொழுப்புதான் மூஞ்சில நிக்கணும்னு நினைக்கற கொழுப்பு. நெத்தியில வழியற எண்ணெய் வேற, கன்னத்துல இருக்கற இந்தப் பூச்சு வேற, தண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் சேத்து இழுத்துட்டு போயிடும். நெத்தி எண்ணெய் சில மணி நேரத்துல திரும்ப ஊறிடும், ஏன்னா அத சுரக்க வைக்கறது உள்ள இருக்கற ஹார்மோன், கன்னத்துப் பூச்சு அவ்வளவு சீக்கிரம் தேறாது. உங்களுக்கு ஒரே மூஞ்சில ஒரு இடம் வழியறதும் ஒரு இடம் உரியறதும் இதனாலதான். ஸ்பெயின்ல 2022ல 50 பேரோட கைய சுடுதண்ணிலயும் குளிர்ந்த தண்ணிலயும் வச்சு தோல் வழியா எவ்வளவு ஈரம் ஆவியா போகுதுன்னு அளந்தாங்க. குளிர்ந்த தண்ணிலயும் கொஞ்சம் கூடிச்சு, சுடுதண்ணில ரெண்டு மடங்குக்கும் மேல. அது கை, இது அதவிட மெல்லிசான மூஞ்சித் தோல்.

இதுல உங்க குளியல் சோப்பும் சேர்ந்துக்குது. தோலோட பிஹெச் சாதாரணமா 5 பக்கம், லேசான அமிலம். கட்டி சோப்பு 9, 10ல இருக்கும், அதாவது காரம். பூச்ச கரைக்க அது ஒண்ணே போதும், கூட கீசர் தண்ணியும்னா கேக்கவே வேணாம். ஓஎம்ஆர் பக்கம் போர் தண்ணி, லாரி தண்ணி பத்தி நான் சொல்லி உங்களுக்கு தெரிய வேண்டியதில்ல, பைப் வாயில வெள்ளையா படியுதுன்னா அது கடினத்தண்ணி, அதுல இருக்கற கால்சியம் சோப்போட சேர்ந்து ஒரு படிவா தோல்ல ஒட்டிக்கும். குடிக்கற தண்ணிக்கான இந்திய தர அளவுல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு வச்சிருக்காங்க, சில போர்ல அதையும் தாண்டும். மூஞ்சி கழுவறதுக்காக கேன் தண்ணி வாங்கற அளவுக்கு போக வேணாம், சோப்ப மாத்தினாலே பாதி பிரச்சனை தீரும்.

சூடா கழுவினா கிருமி செத்துடும்னு இன்னொரு நம்பிக்கை, எங்க வீட்டுலயே உண்டு. கிருமி சாகற சூட்டுல கழுவினா முதல்ல வேகறது நம்ம தோல்தான், 60 டிகிரி தண்ணிக்கு 5 செகண்ட் போதும், பல கீசர் அந்த அளவு சூட்டுலதான் செட் ஆகி இருக்கும், வீட்டுல சின்ன பிள்ளைங்க இருக்கறவங்க இத குறிச்சுக்கோங்க. 2017ல அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல 15, 26, 38 டிகிரின்னு மூணு சூட்டுல கை கழுவ வச்சு பாத்தாங்க, பாக்டீரியா போறதுல வித்தியாசமே இல்ல. வேலைய செய்யறது சோப்பும் தேய்க்கறதும்தான்.

அப்ப எரியறது ஏன்? நம்ம நரம்பு நுனியில சூட்ட உணர ஒரு ரிசெப்டர் இருக்கு, கிட்டத்தட்ட 43 டிகிரில முழிச்சுக்கும், மிளகாய்ல இருக்கற கேப்சைசின் பட்டாலும் அதேதான் கிளம்பும், மிளகாய் அரைச்ச கை எரியறது அதனாலதான். டேவிட் ஜூலியஸ்னு ஒருத்தர் கேப்சைசின வச்சே அத கண்டுபிடிச்சு 2021ல நோபல் வாங்கினார். தோல் ஏற்கனவே ரணமா இருந்தா அந்த ரிசெப்டர் 43 வரைக்கும் காத்திருக்காது, வெதுவெதுப்புக்கே கத்த ஆரம்பிச்சிடும். முன்னாடி சுகமா இருந்த அதே கீசர் தண்ணி இப்ப எரியுதுன்னா தண்ணி மாறல, தோல் மாறிடுச்சு. ஐஸ் வச்சதும் இதமா இருக்கறதும் இப்படித்தான், குளிருக்கு வேற ரிசெப்டர், மெந்தால் பட்டாலும் அதுதான் வேலை செய்யும். அது எரிச்சல மறைக்குது, ஆத்தல.

ஐஸ் விஷயத்துல ஒரு ரெண்டு சங்கதி இருக்கு. ஐஸ்கட்டிய நேரா கன்னத்துல வச்சு தேய்ச்சா அந்த இடம் வெந்துபோகும், ஐஸ்லயும் புண் வரும். நம்ம மாதிரி மாநிறம், கருப்பு தோல்ல புண் ஆறினாலும் பல சமயம் கரும்புள்ளி விட்டுட்டுதான் போகும், அது மாசக்கணக்குல நிக்கும். அதவிட முக்கியமா, மூச்ச பிடிச்சுகிட்டு மூஞ்சிய ஐஸ் தண்ணில முக்கினா இதயத்துடிப்பு சட்டுனு குறையும், தண்ணிக்குள்ள முங்கறப்போ உடம்பு தானா பண்ற வேலை அது. 26 வயசுல ஒண்ணும் தெரியாம போயிடும், இதய நோய் இருக்கறவங்க ரீல்ஸ பாத்துட்டு இத பண்ணவே கூடாது. இன்னும் சில பேருக்கு குளிர் பட்டாலே தடிப்பு தடிப்பா வீங்கி அரிக்கும், குளிர் அலர்ஜி. உங்களுக்கு முக்கி எடுத்ததும் கண் இமையோ உதடோ எப்பவாவது வீங்கியிருந்தா ஐஸ இன்னிக்கே நிறுத்துங்க, மூச்சு திணறல் வந்தா யோசிக்காம எமர்ஜென்சிக்கு போங்க.

சரி, எந்தச் சூடுன்னு கேட்டீங்க. முகத்தோட மேல்தோல் சூடு 32, 34 டிகிரி பக்கம். அதுக்கு கிட்டக்க, இல்ல கொஞ்சம் கீழ இருக்கற தண்ணி பட்டா சுடவும் சுடாது, ஜில்லுனும் இருக்காது. அமெரிக்க தோல் மருத்துவர்கள் வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்கன்னு சொல்றாங்க, அங்க பனிக்காலத்துல பைப்ல வர்ற தண்ணில கை வைக்க முடியாது. அத அப்படியே எடுத்துட்டு வந்து சென்னைல கீசர போடறது வீண் வேலை. இங்க மார்கழி காலையிலகூட பைப் தண்ணி 20 டிகிரிக்கு மேலதான் இருக்கும், மத்த மாசமெல்லாம் அதுவே கிட்டத்தட்ட வெதுவெதுப்புதான். நம்ம ஊர் பிரச்சனையே தலைகீழ். மே மாசம் மத்தியானம் மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணிய மூஞ்சில அடிச்சு பாத்திருப்பீங்க, கீசரே தேவையில்ல. காலையிலயே ஒரு பக்கெட் பிடிச்சு நிழல்ல வச்சுட்டு பகல்ல அதுல மொண்டு கழுவுங்க. தண்ணிய மணிக்கட்டு உள்பக்கம் ஊத்தி பாருங்க, சூடுன்னு தோணினா அது மூஞ்சிக்கு அதிகம்.

ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறவங்க இத படிச்சா அவங்களுக்கு பச்சத்தண்ணி சரிப்படாது, கொஞ்சம் சுடுதண்ணி கலந்துக்கட்டும். அதுலயும் தேங்காய் எண்ணெய் வச்சு மேக்கப் எடுக்கறவங்க கவனிக்கணும், அது 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைஞ்சிடும், ஜில்லு தண்ணில கழுவினா மூஞ்சியெல்லாம் மெழுகா நிக்கும். (உங்களுக்கு பரு இருக்கறதால தேங்காய் எண்ணெய் பக்கமே போக வேணாம், அது போர்ஸ அடைக்கும்.)

குளிக்கறது சுடுதண்ணிலதான் குளிப்பேன்னா குளிங்க, வேணாம்னு சொல்லல, ஆனா ஷவர நேரா மூஞ்சில வாங்காதீங்க. குளிச்சு முடிச்சுட்டு வாஷ்பேசின்ல தனியா மூஞ்சி கழுவுங்க. பல பேர் இந்த இடத்துலதான் கோட்ட விடுறாங்க, மூஞ்சிக்குன்னு நல்ல ஃபேஸ்வாஷா வாங்கி வச்சுட்டு பத்து நிமிஷம் கொதிக்கற ஷவருக்கு கீழ நிப்பாங்க.

இப்ப அந்த க்ரீமுக்கு வருவோம். பிரெண்டு சொல்லி, சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கி, ரெண்டு வாரத்துல பளிச்சுன்னு ஆகி, அப்புறம் செவந்து எரியுதுன்னு ஒருத்தர் சொன்னா எங்களுக்கு முதல்ல வர்ற சந்தேகம் ஸ்டீராய்டு. ட்யூப்ல சின்ன எழுத்துல மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு இதுல ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. இந்த மருந்துங்க கெட்டது இல்ல, எக்ஸிமாவுக்கு நாங்களே எழுதறோம், ஆனா மூஞ்சில வாரக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் வெளிய தெரியும், பரு கூடும், வெயில் பட்டா, அடுப்பு பக்கம் நின்னா, சுடுதண்ணி பட்டா திகுதிகுன்னு எரியும். நம்ம நாட்டுல இது அவ்வளவு சகஜம், 2018ல மத்திய அரசே இந்த ஸ்டீராய்டு க்ரீம்கள சீட்டு இல்லாம விக்கக்கூடாத பட்டியல்ல சேத்துச்சு. இருந்தும் கடையில கேட்டா எடுத்து குடுத்துடறாங்க. ஸ்டீராய்டு இருந்தா நீங்களா சட்டுனு நிறுத்திட்டு உக்காராதீங்க, நிறுத்தின சில நாள்ல மூஞ்சி முன்னாடிய விட மோசமா செவந்து பொங்கும், பயந்துபோய் திரும்ப அதையே போடுவீங்க, பாதி பேர் அப்படித்தான் வருஷக்கணக்கா மாட்டிக்கறாங்க. எப்படி படிப்படியா விடணும்னு தோல் டாக்டர் பக்கத்துல இருந்து சொல்லணும்.

அதுவரைக்கும் இப்படி பண்ணுங்க. காலையில வெறும் பச்சத்தண்ணி மட்டும், சோப்பு வேணாம். நைட்டு ஒரு தடவ நுரை கம்மியா வர்ற, வாசனை இல்லாத க்ளென்சர் கையால தடவி அரை நிமிஷத்துல கழுவுங்க, ஸ்க்ரப், ப்ரஷ் எதுவும் கிட்ட வரக்கூடாது. துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க, ஈரம் முழுசா காயறதுக்குள்ள செராமைடு இல்லன்னா கிளிசரின் இருக்கற மாய்ஸ்சரைசர், பகல்ல வெளிய போனா சன்ஸ்க்ரீன். வைட்டமின் சி, ரெட்டினால், சாலிசிலிக்னு மூஞ்சிக்கு போடற சீரம் ஏதாவது வச்சிருந்தா எல்லாத்தையும் டப்பாவுல போட்டு மூடி வைங்க. பருவுக்கு இப்ப ஒண்ணும் பண்ண வேணாம், எரிச்சல் அடங்கட்டும். சுடுதண்ணியும் சோப்பும் மட்டும்தான் காரணம்னா ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தேறிடும். க்ரீம்னா மாசக்கணக்காகும், இப்பவே சொல்லிடறேன்.

கன்னம் மட்டும் அடிக்கடி குப்புனு செவந்து, சூடான காபி, காரம், வெயில் எல்லாத்துக்கும் எரிஞ்சா ரோசேசியாங்கற தோல் நோயாவும் இருக்கலாம், அத நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும். இந்த வாரத்துக்குள்ள ஒரு தோல் டாக்டர பாருங்க, செலவு யோசனைன்னா அரசு பொது மருத்துவமனை தோல் ஓபிக்கு காலையிலயே போயிடுங்க. மேக்கப் போடாம போங்க, அந்த ட்யூப கண்டிப்பா எடுத்துட்டு போங்க, பேர் அழிஞ்சிருந்தா அட்டைப்பெட்டிய தேடி எடுத்துட்டு போங்க, எத்தன நாளா போடுறீங்கன்னு கூச்சப்படாம சரியா சொல்லுங்க.