வெட்டிய கார்டுக்கு 690 ரூபாய் பில் ஏன்?

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கி 30,000 ரூபாயையும் கட்டிவிட்டு, கார்டை வெட்டிப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் 690 ரூபாய் சொச்சத்துக்கு பில் வருகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், கார்டை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எப்படி மூடுவது?

பதில்: கார்டை வெட்டினாலும் கணக்கு உயிரோடுதான் இருக்கும். அந்த 690 ரூபாய் பெரும்பாலும் வட்டி. முந்தைய மாதங்களில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டியிருந்தால், பாக்கிக்குத் தினமும் வட்டி ஓடும். 5ஆம் தேதி பில் போட்டு, நீங்கள் 22ஆம் தேதி கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீதம் என்றால் அந்த 17 நாளுக்கு வட்டி சுமார் 587 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அது அடுத்த பில்லில்தான் தலைகாட்டும்.

சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மூடச் சொல்லிக் கேட்ட 7 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கை மூட வேண்டும். தவறினால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆனால் பாக்கி ஏதும் இருக்கக் கூடாது. இந்த 690 ரூபாய் நின்றாலே அந்த உரிமை போச்சு.

ஆகவே, இன்றைய தேதிக்குக் கணக்கை முடிக்க மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். இஎம்ஐ ஓடினால் அதையும் முன்கூட்டியே முடிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். ஓடிடி, இன்சூரன்ஸ் ஆட்டோபேயை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். ரிவார்டு பாயின்ட் இருந்தால் இப்போதே செலவழித்துவிடுங்கள்.

பிறகு கோரிக்கையை ஆப்பிலோ மின்னஞ்சலிலோ கொடுங்கள். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. போனில் சலுகை பேசுபவரிடம் வாதாட வேண்டாம். ‘வேண்டாம், மூடுங்கள், கோரிக்கை எண் கொடுங்கள்’ என்றால் போதும். பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். கணக்கு முடிந்ததாகக் காட்டாவிட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் ஆன்லைனிலேயே முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.