வீட்டில் ஸ்பானிஷ் கற்பிக்க எதை வாங்குவது?

அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஸ்பானிஷ் பாடத்திட்டம் பற்றி வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் நகருக்கு அருகே இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. இருவருக்கும் வீட்டில்தான் படிப்பு. பக்கத்து வீடு, பூங்கா, காய்கறிக் கடை என்று எங்கு போனாலும் ஸ்பானிஷ் காதில் விழுவதால் கற்றுக்கொடுக்க ஆசை. எனக்கும் கணவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. பெட்டியாக வரும் பாடநூல் தொகுப்பு, ரொசெட்டா ஸ்டோன் போன்ற மென்பொருள், இணையத்தில் நேரலை வகுப்பு ஆகியவற்றில் எது சிறந்தது? இருவருக்கும் பொதுவாக ஒன்றே வாங்கினால் செலவு குறையுமா?

பதில்: உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. டெக்சாஸில் முறையாக நடக்கும் வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக்குச் சமம் என்பதை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் லீப்பர் வழக்கில் உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தும்தான் கட்டாயம். வேற்று மொழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகஸ்டுக்குள் வாங்கியே தீரவேண்டும் என்று உங்களை விரட்டுவது விற்பனை மின்னஞ்சல்கள் மட்டுமே.

மொழி ஆசிரியர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். சரியாகச் சொல்லிக் காட்டுகிறார். பிள்ளை சொல்வதைக் கேட்டுத் திருத்துகிறார். இன்றைக்கு எந்தப் பாடம் என்று முடிவு செய்கிறார். எழுதியதைத் திருத்துகிறார். கடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் இவற்றில் சிலவற்றைச் செய்துவிட்டு மிச்சத்தை உங்கள் தலையில் கட்டுகிறது. அந்த மிச்சம் என்ன என்று பார்த்துத்தான் நீங்கள் வாங்கவேண்டும்.

பாடநூல் தொகுப்பில் வரிசையும் விடைக்குறிப்பும் இருக்கும். ஒலிப்பதிவும் இருந்தால் சொல்லிக் காட்டும் வேலையும் முடிந்தது. பிள்ளை சொல்வதைக் கேட்டுத் திருத்த யாரும் இல்லை. கணக்கில் மகன் தவறு செய்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்பானிஷில் நாய்க்குப் ‘பெர்ரோ’, ‘ஆனால்’ என்பதற்குப் ‘பெரோ’. மகன் ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் மற்றதைச் சொன்னால், மொழி தெரியாத நீங்கள் ‘சபாஷ்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள்.

மென்பொருள் இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லித்தான் விற்கப்படுகிறது. ரொசெட்டா ஸ்டோன் படத்தைக் காட்டி, மொழிபெயர்ப்பு இல்லாமலேயே சொல்லைப் பதியவைக்கிறது; ஒலிவாங்கியில் பேசினால் மதிப்பெண்ணும் போடுகிறது. பெரியவர்களுக்கு அது ஓரளவு பயன்படும். சின்னப் பிள்ளைகளின் குரலில் இயந்திரம் தடுமாறும். சரியாகச் சொன்னதற்குச் சிவப்பு விளக்கும், முணுமுணுத்ததற்குப் பச்சை விளக்கும் எரிந்தால் பிள்ளை வெகுசீக்கிரம் இயந்திரத்தை ஏமாற்றக் கற்றுக்கொள்ளும், ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளாது.

நேரலை வகுப்பில் நான்கு வேலைகளும் நடக்கின்றன. குவாத்தமாலா போன்ற நாடுகளில் இருக்கும் ஆசிரியர்களை வீடியோ வழியாக ஒருவருக்கு ஒருவர் என்று அமர்த்தித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன; அமெரிக்க ஆசிரியரைவிடக் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வாரம் ஒரு வகுப்பு மட்டும் வைத்து, இடையில் ஆறு நாள் புத்தகத்தைத் தொடாவிட்டால் ஒவ்வொரு வாரமும் முதல் பாடத்திலேயே நிற்பீர்கள்.

ஆகவே என் யோசனை இது. மகளுக்கு எதையும் வாங்காதீர்கள். ஆறு வயதில் அவளுக்குத் தேவை காது பழகுவது. ஜார்ஜியா மாநிலப் பொது ஒளிபரப்பு நிறுவனம் தயாரித்த ‘சால்சா’ என்ற பொம்மலாட்டத் தொடர் சிறு பிள்ளைகளுக்காகவே முழுக்க ஸ்பானிஷில் எடுக்கப்பட்டது. அதைப் போட்டுவிட்டு நூலகத்திலிருந்து இருமொழிப் படப்புத்தகங்களை அள்ளி வாருங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் ஸ்பானிஷ் கதைநேரம் உண்டா என்றும் கேளுங்கள். டெக்சாஸில் இதைக் கேட்க யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

மகனுக்கும் முதல் மூன்று மாதம் செலவு வேண்டாம். ‘மேங்கோ’ என்ற மொழிப் பயிற்சியைப் பல பொது நூலகங்கள் உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. நூலக அட்டை எண்ணைப் போட்டு உள்ளே போய்விடலாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் அவனாகத் திறக்கிறான் என்றால் ஒலிப்பதிவுள்ள எளிய பாடநூல் ஒன்றை வாங்குங்கள். வாரம் அரை மணி நேரம் நேரலை வகுப்பு வையுங்கள். புத்தகம் அன்றாட வேலைக்கு, ஆசிரியர் காதுக்கு. இந்த இரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் பெரிய பெட்டியைவிடக் குறைவாக முடியும். ‘கெட்டிங் ஸ்டார்ட்டட் வித் ஸ்பானிஷ்’ என்ற புத்தகம் வீட்டுக்கல்விப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பாடங்கள் சிறியவை, விடைகள் புத்தகத்திலேயே இருக்கின்றன, ஒலிப்பதிவு இணையத்தில் இலவசம். அழகு, வண்ணம், விளையாட்டு எதுவும் கிடையாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. உங்கள் மகனுக்குப் படலாம்.

இருவருக்கும் ஒன்றே என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். விளக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள ஆறு வயதால் முடியாது. ஆறு வயதுக்கான பெட்டியில் பாதி வண்ணம் தீட்டும் தாள்கள். ஒரு பசுவுக்கு அரை மணி நேரம் வண்ணம் தீட்டினால் கிடைப்பது ‘வாகா’ என்ற ஒரே சொல். பத்து வயதுப் பையன் அதில் உட்காரமாட்டான்.

எதை வாங்குவதாக இருந்தாலும் மாதிரிப் பக்கத்தைக் கேளுங்கள். முதல் பாடம் எல்லாப் பதிப்பாளரிடமும் நன்றாகத்தான் இருக்கும். நடுவிலிருந்து ஒரு பாடத்தைத் தரச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒலிப்பதிவு இருக்கிறதா, சொற்களுக்கு மட்டும்தானா? ஒரே குரலா, பல குரல்களா? ஆசிரியர் கையேடு உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று நினைத்து எழுதப்பட்டதா? கையேட்டில் ‘பிள்ளைகளுடன் சற்று உரையாடுங்கள்’ என்று ஒரு வரி இருந்தால் அப்படியே மூடிவைத்துவிடுங்கள். எதைக் கொண்டு உரையாடுவீர்கள்?

சந்தா என்றால் இன்னொரு எச்சரிக்கை. இலவசச் சோதனைக்கு வங்கி அட்டை எண்ணைக் கேட்பவர்கள் சோதனை முடிந்ததும் தானாகவே பணம் எடுப்பார்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் சந்தாப் பகுதிக்குள் போய்த்தான் நிறுத்தவேண்டும்.

இலக்கணத்தைப் பற்றிய பயத்தில் கனமான புத்தகம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அதற்குப் பணம் கொடுக்கவேண்டாம். ‘பேசுகிறேன்’ என்றால் பேசுவது யார் என்று விகுதியே சொல்லிவிடுகிறது. அதே பொருள் தரும் ஸ்பானிஷின் ‘ஆப்லோ’வும் அப்படித்தான். ஆங்கிலப் பிள்ளைகளைப் படாதபாடு படுத்தும் ‘மே குஸ்தா’ நம் ‘எனக்குப் பிடிக்கும்’ போலவே அமைந்தது. ‘மே துவேலே லா கபேசா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. ஆங்கிலத்தில் மூன்று பக்கம் விளக்கியிருப்பதை நீங்கள் மகனுக்குத் தமிழில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவனோடு வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்றால் அதுவே போதும்.

கேள்வி: ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷா, லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷா? எதைத் தேர்ந்தெடுப்பது? தவறாக வாங்கிவிட்டால் எல்லாம் வீணா?

பதில்: வீணாகாது. அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால் லத்தீன் அமெரிக்க வகையை வாங்குங்கள். இந்த நாட்டில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் வேராகக் கொண்டவர்கள். வேறுபாடு மூன்று இடங்களில் தெரியும். பலரை நட்போடு அழைக்க ஸ்பெயினில் ‘வொசோத்ரோஸ்’ என்பார்கள், இங்கே ‘உஸ்தேதெஸ்’ போதும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியை இங்கே ஸகரமாகவே சொல்கிறார்கள். சில பொருள்களின் பெயரும் மாறும்: கணினி அங்கே ‘ஒர்தெனதோர்’, இங்கே ‘கொம்புத்தாதோரா’. பிரிட்டிஷ் பதிப்பகங்களின் புத்தகங்கள் பொதுவாக ஸ்பெயின் வழக்கைச் சார்ந்தவை; விலை குறைவாக இருக்கிறது என்று அவற்றை எடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கல்வி மாநாடு ஒன்றில் விற்பனை அரங்கு போட்டிருந்தவரிடம் 320 டாலருக்கு ஸ்பானிஷ் தொகுப்பு வாங்கினேன். மூன்று வாரம் ஆகிறது. என் பிள்ளைகளுக்கு அது பொருந்தவே இல்லை. திருப்பித் தர முடியுமா?

பதில்: மூன்று நாளுக்குள் கேட்டிருந்தால் சட்டமே உங்கள் பக்கம் நின்றிருக்கும். விற்பவரின் நிரந்தரக் கடைக்கு வெளியே, ஹோட்டல் அறை, மாநாட்டுக் கூடம், பொருட்காட்சி மைதானம் போன்ற தற்காலிக இடங்களில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்கினால், காரணம் சொல்லாமலேயே ரத்து செய்ய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி இடம் தருகிறது. மூன்றாம் வேலைநாளின் நள்ளிரவு வரை அவகாசம். சனிக்கிழமையும் வேலைநாள்தான், ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறைகளும் கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை வாங்கினால் செவ்வாய் நள்ளிரவு வரை, சனிக்கிழமை வாங்கினால் புதன் நள்ளிரவு வரை. ரத்துப் படிவம் இரண்டு பிரதி தருவது விற்பவரின் கடமை. ரத்து செய்தால் பத்து நாளுக்குள் பணம் திரும்பவேண்டும். முழுக்க இணையத்தில் வாங்கியதற்கு இந்த விதி செல்லாது.

இப்போது உங்களுக்கு இருப்பது விற்பவரின் திருப்பிக்கொள்ளும் கொள்கை மட்டுமே. ரசீதின் பின்பக்கத்தைப் பாருங்கள். உறை பிரிக்காத பகுதிகளை எடுத்துக்கொள்வீர்களா என்று தன்மையாக ஒரு கடிதம் எழுதுங்கள். ரத்துப் படிவம் தரவில்லை என்றால் அதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. அட்டையில் செலுத்திய பணத்தை வங்கி வழியாக மறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பொருள் வரவில்லை, சொன்னதற்கு மாறாக வந்தது என்றால்தான் அது எடுபடும். ‘பிள்ளைக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கு எடுபடாது.

கேள்வி: பழைய தொகுப்பைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: பாடநூலும் கையேடும் என்றால் தாராளமாக. பயிற்சிப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தால் அதைப் புதிதாகத் தனியாக வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாப் பதிப்பாளரும் அனுமதிப்பதில்லை. முதல் பக்கத்தில் உரிமைக் குறிப்பு இருக்கும். குறுந்தகடு இருந்தால் அதை ஓட்ட வீட்டில் கருவி இருக்கிறதா? இணைய ஒலிப்பதிவுக்கான குறியீடு என்றால் அது பெரும்பாலும் முதலில் பதிவு செய்தவரின் கணக்கோடு முடிந்துவிடும். ஒலிப்பதிவு இல்லாத தொகுப்பு உங்களைப் போன்ற வீட்டுக்குப் பாதி விலையிலும் நஷ்டம். பழைய புத்தகத்தின் எழுத்துப் பாட்டில் ‘சே’ (ch), ‘எய்யே’ (ll) என்ற இரண்டு கூடுதல் எழுத்துகள் வந்தால் திகைக்கவேண்டாம். ஸ்பானிஷ் எழுத்துமுறையை வகுக்கும் ஸ்பானிய அகாதமி 2010இல் அவற்றை எழுத்து வரிசையிலிருந்து எடுத்து, 27 எழுத்துகள் என்று வகுத்தது. மற்றபடி புத்தகம் பழையதாக இருப்பதில் கேடு ஒன்றும் இல்லை.

கேள்வி: மகளுக்கு 14 வயது. வீட்டில் படித்த ஸ்பானிஷைக் கல்லூரிகள் ஏற்குமா? ‘அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரம் செய்யும் விலை உயர்ந்த பாடத்திட்டத்தைத்தான் வாங்கவேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பாடத்திட்டத்தின் அட்டையில் இருக்கும் முத்திரையைவிட வெளியில் எழுதிய தேர்வின் மதிப்பெண் அதிகம் பேசும். 120 மணி நேரப் படிப்பை ஓர் ஆண்டுப் பாடமாகக் கணக்கிடுவது அமெரிக்கப் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். நாள்குறிப்பு ஒன்று போட்டு நேரத்தையும் பாடத்தையும் குறித்து வாருங்கள். எத்தனை ஆண்டு தேவை என்பது கல்லூரியைப் பொறுத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஆங்கிலமல்லாத மொழி ஒன்றை இரண்டு ஆண்டு கேட்கிறது, மூன்று இருந்தால் நல்லது என்கிறது.

கல்லூரிக்குப் போகும் முன்பே எழுதக்கூடிய தேர்வுகளில் இரண்டைக் கவனியுங்கள். ‘கிளெப்’ ஸ்பானிஷ் தேர்வில் கேட்டலும் வாசித்தலும் மட்டுமே, எல்லாம் விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகள். 50 மதிப்பெண் எடுத்தால் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன, அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்ததாகவே கணக்கிடுகின்றன. தராத கல்லூரிகளும் உண்டு, அதனால் மகள் போக நினைக்கும் கல்லூரியின் பட்டியலை முன்பே பாருங்கள். ‘ஏபி’ ஸ்பானிஷ் தேர்வு கடினமானது, எழுதவும் பேசவும் வேண்டும். அந்தத் தேர்வை நோக்கிப் போகிறாள் என்றால் நேரலை ஆசிரியருக்குச் செலவிடும் பணம் நியாயமானதே. பழைய வழிகாட்டிகளில் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சொல்லப்படும் சாட் பாடத் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கான பயிற்சி நூலை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கவேண்டாம்.

ஏபி தேர்வு மே மாதம் நடந்தாலும், அதற்கான ஏற்பாடு முந்தைய நவம்பரிலேயே முடியவேண்டும். வீட்டில் படிப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை நீங்களேதான் தேடிப் பிடிக்கவேண்டும். எல்லாப் பள்ளிகளும் சேர்த்துக்கொள்வதில்லை. செப்டம்பரிலேயே தொலைபேசியை எடுங்கள்.