மலையேறி, எழுதி, சோறு தின்ன முடியுமா?

கேள்வி: என் மகன் டிகிரி முடித்துவிட்டான். அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிராக்கவரின் எவரெஸ்ட் புத்தகத்தைப் படித்ததிலிருந்து, "மலை ஏறுவேன், அதையே எழுதிப் பிழைப்பேன்" என்கிறான். நடக்கிற காரியமா?
- பெயர் வேண்டாம் என்ற ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: கிராக்கவருக்கு நடந்தது ஐயா, ஆனால் மெதுவாக நடந்தது. 1976-ல் கல்லூரி முடித்தவர் தச்சு வேலை பார்த்தார், சால்மன் மீன் பிடித்தார். 1977-ல், 23 வயதில், அலாஸ்காவின் டெவில்ஸ் தம்ப் சிகரத்தில் தன்னந்தனியாக ஏறினார். இறங்கி வந்து? விட்டுப்போன அதே கட்டட வேலையில் மறுபடி சுத்தியலைப் பிடித்தார். முழுநேர எழுத்து 1983-ல்தான். 1990-ல் வந்த கட்டுரைத் தொகுப்பின் தலைப்புக் கட்டுரையே, சுவிட்சர்லாந்தின் ஐகர் சிகரத்தின் வடமுகத்தில் ஏற முடியாமல் திரும்பிய கதை.

உங்கள் மகன் அந்த எவரெஸ்ட் புத்தகத்தில் எந்த இடத்தில் மயங்கினானோ! நான் நின்றுபோனது வேறோர் இடத்தில். 1996 மே 10. எவரெஸ்ட் உச்சியில் அவர் நின்றது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. தூங்கி 57 மணி நேரம் ஆகியிருந்தது. இறங்கும் வழியில், முகாமுக்குச் சற்று மேலே ஒருவரைப் பார்க்கிறார். தன் குழுவின் வழிகாட்டி ஆண்டி ஹாரிஸ் என்றே நினைத்து, "ஹாரிஸ் வந்துவிட்டார்" என்று மற்றவர்களிடம் சொல்லியும்விடுகிறார். ஹாரிஸ் வரவேயில்லை. பார்த்தது வேறு குழுக்காரரை! ஊர் திரும்பி, அந்த மனிதரிடமே பேசிய பிறகுதான் அது தெரிகிறது. ஹாரிஸின் குடும்பத்துக்கும் தப்பான தகவல்தான் போயிருந்தது. அத்தனையையும் புத்தகத்தில் மறைக்காமல் எழுதிவிட்டார். மலை ஏற ஆள் கிடைக்கும் ஐயா. தன் கண் பார்த்ததைப் பிறரிடம் கேட்டுச் சரிபார்க்கிற ஆள் அபூர்வம்.

போன மாதம் உங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையை, எல்லாத் தரப்பையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கயிறு வாங்கித் தரலாம்.

கேள்வி: எவரெஸ்ட்டே ஏறியாக வேண்டுமா?
- அதே கடிதத்தின் ஓரத்தில், வேறு கையெழுத்தில்: அவன் அம்மா

பதில்: வேண்டாம் அம்மா. 'அவுட்சைட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை கிராக்கவரிடம் கேட்டது அடிவார முகாமில் இருந்து ஒரு கட்டுரை, அவ்வளவே. "ஒரு வருடம் கொடுங்கள், பயிற்சி எடுத்து உச்சிக்கே போகிறேன்" என்றவர் அவர்தான். அவர் உச்சியிலிருந்து இறங்கிய அன்று மலையில் புயல் அடித்தது. அந்தப் புயலில் மலையின் இரு பக்கமும் சேர்த்து எட்டுப் பேர் இறந்தார்கள். அவர் குழுவில் நால்வர். வடபுறத்தில் நம் இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர் மூவர். எவரெஸ்ட் ஏறியது தன் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தவறு என்று 2015-ல் கூடச் சொன்னார்.