கார்டிஃபில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: ஜூலையில் லண்டனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். நடுவில் இரண்டு நாள் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபுக்குப் போய்வர ஆசை. நான், கணவர், பத்து வயது மகன், மூட்டுவலி உள்ள மாமியார் என நான்கு பேர். மாமியார் சுத்த சைவம். கணவர் கிரிக்கெட் பைத்தியம். இணையத்தில் ‘பார்த்தே ஆகவேண்டிய 25 இடங்கள்’ என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. எதைப் பார்ப்பது, எதை விடலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும். வேல்ஸுக்குத் தனி விசா வேண்டாம். பிரிட்டன் விசாவே போதும். எல்லையில் சோதனைச் சாவடி கூடக் கிடையாது. லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். செவர்ன் ஆற்றுக்கு அடியில் 1886-ல் திறந்த 7 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும்போது வேல்ஸில் இருப்பீர்கள். டிக்கெட்டைச் சில வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். அன்றன்றைக்கு எடுத்தால் நான்கு பேருக்குக் கை கடிக்கும்.

தேதியை முடிவு செய்யுமுன் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்தின் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். 1999-ல் திறந்தது, 70,000 பேருக்கு மேல் உட்காரும் இடம், மூடித் திறக்கும் கூரை. ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் மைதானம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நட்ட நடு ஊரில் நிற்கிறது. ஆட்டமோ பெரிய கச்சேரியோ இருக்கும் நாளில் தெருக்களை அடைப்பார்கள், அறை வாடகை எகிறும், ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. மாமியாரோடு அந்தக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம். ரக்பியில் ஆர்வம் இல்லையென்றால் மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

சரி, ஊருக்கு வருவோம். கார்டிஃபுக்கு நகர அந்தஸ்து கிடைத்தது 1905-ல். தலைநகரம் ஆனது 1955-ல்தான். அதற்கு முன் அதன் அடையாளமே நிலக்கரி. வடக்கே பள்ளத்தாக்குகளில் வெட்டியதை இங்கே கொண்டுவந்து கப்பல் ஏற்றினார்கள். 1913-ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் போனது. நீங்கள் பார்க்கப்போகும் கோட்டை அந்தக் காசில் மினுக்கியது, வளைகுடா அந்தக் காசு புழங்கிய இடம், செயின்ட் ஃபேகன்ஸ் அந்தக் காலத்து உழைப்பாளிகளின் வீட்டுக்குள் உங்களைக் கூட்டிப்போகும் இடம். இந்த மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். மீதி 22 இடங்களும் உங்கள் பட்டியலிலேயே இருக்கட்டும்.

முதல் நாள் காலை கார்டிஃப் கோட்டை. ரோமானியர் முதல் நூற்றாண்டில் இங்கே படை முகாம் அமைத்தார்கள். ஆயிரம் வருடம் கழித்து வந்த நார்மன்கள் அதே இடத்தில் மண்மேடு எழுப்பினார்கள். அதன் உச்சியில் இன்றைக்கும் பன்னிரண்டு பக்கக் கல் கோட்டை நிற்கிறது. இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மூத்த மகன் ராபர்ட், சொந்தத் தம்பியால் சிறைவைக்கப்பட்டு 1134-ல் இறந்தது இந்தக் கோட்டையில். பையனை வெளிச்சுவர் பக்கம் அழைத்துப் போய் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் சிவப்புக் கல் வரிசை ஒன்று ஓடும். அதற்குக் கீழே இருப்பது ரோமானியர் வைத்த கல், மேலே இருப்பது பிற்காலத்தில் கட்டியது. சுவருக்குள்ளே இரண்டாம் உலகப்போரில் மக்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒளிந்திருந்த பாதையும் இருக்கிறது. மண்மேட்டின் படிகள் செங்குத்து. மாமியாரைக் கீழே புல்வெளியில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மூவரும் ஏறுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் மாளிகையைத் தவறவிடாதீர்கள். மூன்றாம் மார்க்வெஸ் ஆஃப் பியூட் என்ற பிரபு ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்து, துறைமுகமும் நிலக்கரி நிலமும் அவருக்கு வந்தன. வளர்ந்ததும் வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்தார். ஒருவர் கையில் பணம், இன்னொருவர் தலையில் பித்து, கேட்க வேண்டுமா? அரபு அறை என்று ஒன்று உண்டு. அண்ணாந்தால் மேற்கூரை முழுக்கத் தங்க இலை ஒட்டிய அடுக்கடுக்கான மடிப்புகள், தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல. பர்ஜஸ் கடைசியாக வேலை செய்த அறை இது. 1881-ல் அவர் இறந்துபோக, அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தன் எழுத்துகளோடு சேர்த்து அந்த வருடத்தையும் கணப்படுப்பில் பொறித்துவைத்தார் பியூட். வேலைக்கு அமர்த்தியவர் வேலைசெய்தவருக்கு வைத்த நினைவுச்சின்னம் அது. கணப்படுப்பைப் பார்க்காமல் கூரையை மட்டும் படமெடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். சில அறைகளுக்கு வழிகாட்டியோடு போகத் தனிக் கட்டணம் உண்டு, படிகளும் உண்டு, வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் தெருவோரமாக விலங்குச் சுவர். கல் விலங்குகள் சுவரைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பதுபோல எட்டிப் பார்க்கும். காசு கொடுக்க வேண்டாம். மொத்தம் 15. பழைய ஒன்பதுக்குக் கண்ணாடிக் கண்கள், பிறகு சேர்த்தவற்றுக்குக் கல் கண்கள். எது பழசு, எது புதுசு என்று பிரிக்கும் வேலையைப் பையனிடம் விட்டுவிட்டு நீங்கள் கொஞ்சம் இளைப்பாறலாம்.

அந்தச் சுவரை ஒட்டியே பியூட் பூங்கா. டாஃப் ஆற்றோரம் மேடு பள்ளம் இல்லாத நடை. ஆற்றைக் கடந்தால் சோஃபியா கார்டன்ஸ் மைதானம். இது உங்கள் கணவருக்கு. டிராவிட் கடைசி ஒருநாள் ஆட்டத்தை 2011-ல் இங்கேதான் ஆடினார், 69 ரன். அதே ஆட்டத்தில் 107 அடித்த கோலி, பின்னால் போய்த் தானே ஸ்டம்பைத் தட்டிவிட்டு அவுட்டானார். 2013 சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் இந்தியாவும் இலங்கையும் மோதியபோது, இலங்கை அரசை எதிர்த்துத் தமிழர்கள் திரண்டு, சிலர் ஆடுகளத்துக்குள்ளேயே ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே இடம். ஆட்டம் இல்லாத நாளில் வாசலில் ஒரு படம், பத்து நிமிடம், அவ்வளவு போதும்.

மதியம் மழை பிடிக்கலாம், ஜூலை என்றாலும். அதற்கென்றே கட்டியதுபோல நடு ஊரில் ஆர்கேடுகள் இருக்கின்றன. கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடைச் சந்துகள். மூத்தது 1858-ல் கட்டிய ராயல் ஆர்கேட். மார்கன் ஆர்கேடில் இருக்கும் ஸ்பில்லர்ஸ் இசைத்தட்டுக் கடை 1894-ல் தொடங்கியது. உலகிலேயே பழைய இசைத்தட்டுக் கடை என்று சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே 1891-ல் திறந்த மத்திய சந்தை. அந்த இடத்தில் முன்பு சிறைச்சாலை இருந்தது. மெர்தர் என்ற இரும்புத்தொழில் ஊரில் நடந்த தொழிலாளர் கிளர்ச்சியில் ஒரு சிப்பாயைக் குத்தியதாகச் சொல்லி டிக் பெண்டரின் என்ற இளைஞரை 1831-ல் தூக்கிலிட்டது அதன் வாசலில். அவர் நிரபராதி என்பதில் வெல்ஷ் மக்களுக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

சாப்பாடு. சந்தையில் சூடான இரும்புக் கல்லில் வெல்ஷ் கேக் சுடுவார்கள். உள்ளங்கை அகலம், உலர்திராட்சை போட்டது, மேலே சர்க்கரை தூவியது. வாசனையே ஆளை இழுக்கும். ஆனால் பழைய செய்முறையில் பன்றிக் கொழுப்பு உண்டு. இப்போது பல கடைகளில் வெண்ணெய்தான் என்றாலும், மாமியாருக்கு வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, கிளாமர்கன் சாசேஜ் என்று மெனுவில் பார்த்தால் மிரள வேண்டாம். பெயரில்தான் சாசேஜ், உள்ளே பாலாடைக்கட்டி, லீக் என்னும் வெங்காய வகைக் கீரை, ரொட்டித்தூள். முட்டை சேர்ப்பது வழக்கம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்பகல் கார்டிஃப் வளைகுடா. குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ரயிலில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஜூலையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். இறங்கியதும் கண்ணில் படுவது வேல்ஸ் மில்லினியம் சென்டர், 2004-ல் திறந்த கலையரங்கம். அதன் முகப்பில் ஆளுயரத்துக்கும் மேலான எழுத்துகளில் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரிகள் இருக்கும். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் உள்ளேயிருப்பவருக்கு ஜன்னல். எழுதியவர் கவிஞர் க்வினெத் லூயிஸ். உள்ளே போய் ஓர் எழுத்து வழியாக வளைகுடாவைப் பாருங்கள்.

அடுத்தடுத்து பியர்ஹெட், செனெத். 1897-ல் கட்டிய செங்காவி நிற பியர்ஹெட் ஒரு காலத்தில் துறைமுகக் கம்பெனியின் அலுவலகம். செனெத் என்பது வேல்ஸ் நாடாளுமன்றம், 2006-ல் திறந்தது, உள்ளே போக இலவசம். பையைச் சோதித்து விட்டுவிடுவார்கள். நடுவில் மரத்தால் செய்த பெரிய புனல் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அதன் நேர் கீழே விவாத மன்றம். வேறெங்கும் கால் வலித்தாலும் மாமியார் இங்கே நிம்மதியாக உட்காரலாம், கழிப்பறையும் உண்டு. கொஞ்சம் தள்ளி வெள்ளை மரத்தில் நார்வே மாலுமிகளின் தேவாலயம். குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்ட் டாலுக்கு ஞானஸ்நானம் நடந்த தேவாலயம் இது. அவர் 1916-ல் இதே ஊரின் லாண்டாஃபில் பிறந்தவர். சாக்லேட் தொழிற்சாலைக் கதையைப் பையன் படித்திருந்தால் முகம் மலரும்.

கால் ஒத்துழைத்தால் தடுப்பணைவரை போங்கள், அல்லது படகில் போங்கள். இந்தக் கடலில் ஓதத்தால் நீர் ஏறி இறங்கும் உயரம் சில நாட்களில் 12 மீட்டரைத் தாண்டும். சென்னையில் அது ஒரு மீட்டர் சுமார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நீர் இறங்கினால் வளைகுடா முழுக்கச் சேறு. 1999-ல் 1.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டி நன்னீர் ஏரியாக்கிவிட்டார்கள். அணையின் மதகுகள் மேலும் சுவர்கள் மேலும் மஞ்சள் பெயிண்ட் கோடுகள் கோணல்மாணலாகக் கிடக்கும். ஒரே ஒரு இடத்தில் நின்றால் மட்டும் அத்தனையும் சேர்ந்து முழு நீள்வட்டங்களாகத் தெரியும். எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை, பையன் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை: பழைய பட்டியல்களில் வளைகுடாவில் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடர் கண்காட்சி என்று இன்னும் போட்டிருப்பார்கள். அதை 2017-லேயே மூடிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் முழுக்க செயின்ட் ஃபேகன்ஸுக்குக் கொடுங்கள். ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர், பஸ் உண்டு. நுழைவு இலவசம், வண்டியில் போனால் நிறுத்தக் கட்டணம். என்னை ஒரே இடம் சொல்லச் சொன்னால் கோட்டையை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். 1948-ல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம். வேல்ஸ் முழுவதிலுமிருந்து வீடு, பள்ளிக்கூடம், கடை, தேவாலயம் என நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, இங்கே கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சேவல் சண்டைக்கென்றே கட்டிய வட்டக் கூடம்கூட இருக்கிறது.

ரிடகார் வரிசை வீடுகளில் அதிக நேரம் இருங்கள். மெர்தர் டிட்வில் இரும்புத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஆறு வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியவை. முதல் வீடு 1805-ல் எப்படி இருந்திருக்குமோ அப்படி. அடுத்தது 1855, பிறகு 1895, 1925, 1955. கடைசி வீடு 1985. அளவு ஒன்றுதான், உள்ளே காலம் மட்டும் நகர்ந்துகொண்டே போகும். முதல் வீட்டில் கையளவு சாமானோடு குடும்பம் நடத்தியவர்கள், ஆறாவது வீட்டுக்கு வருவதற்குள் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்திருப்பார்கள். 1955 வீட்டில் உங்கள் மாமியார் நின்றுவிடுவார் பாருங்கள். ‘இது எங்க வீட்லயும் இருந்துச்சே’ என்று பேரனுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தால் அவசரப்படுத்தாதீர்கள். இடம் பெரியது, சரிவுகளும் உண்டு. சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்னாடியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது தெம்பிருந்தால் லாண்டாஃப் தேவாலயம். 1941-ல் குண்டு விழுந்து கூரை போனது. மறுபடி கட்டியபோது நடுவில் கான்கிரீட் வளைவு எழுப்பி, அதன்மேல் சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் செய்த அலுமினிய ஏசுவை நிறுத்தினார்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று வீட்டுக்குள் சண்டை வரும், அந்த மாதிரி சிலை. மழை விடாமல் கொட்டினால் மட்டும் செயின்ட் ஃபேகன்ஸுக்குப் பதில் தேசிய அருங்காட்சியகம். ஓவியர்கள் ரெனுவாரின் நீலப் பெண்ணும் மோனேயின் அல்லிகளும் அங்கே இலவசம். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

பல தெருப்பலகைகளில் வெல்ஷ்தான் முதலில் இருக்கும். ஊரின் பெயர் கயர்டீத் (Caerdydd). கடைசி எழுத்தைப் பார்த்து ‘ட்’ என்று படிக்காதீர்கள். ‘அது’ என்கிறோமே, அதில் வரும் மெல்லிய தகரம்தான். கடைக்காரரிடம் சரியாகச் சொல்லிப் பாருங்கள், ஒரு வெல்ஷ் கேக் கூடுதலாகக் கிடைத்தாலும் கிடைக்கும். வண்டி வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், வேல்ஸில் குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் மணிக்கு 20 மைல்தான் வேக வரம்பு, கேமராவும் உண்டு. அப்புறம், குடை எடுத்துப்போக வேண்டாம். வளைகுடாக் காற்று அதைப் பிய்த்து எறிந்துவிடும். நான்கு பேருக்கும் தலைமூடி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.