தெளிவுரை கேட்க வேண்டாம், ஓய்வூதியத்தைக் கேளுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 75 வயது நெருங்குகிறது. நீடாமங்கலம் பக்கம் ஆற்று மதகில் 1985 டிசம்பரில் தினக்கூலியாகச் சேர்ந்தார். 2001 டிசம்பர் 1 முதல் பணி வரன்முறை செய்து காலமுறை ஊதியம் கொடுத்தார்கள். 2011 மே மாதக் கடைசியில் 60 வயதில் ஓய்வு பெற்றார். நிரந்தரப் பணி ஒன்பதரை ஆண்டுதான், பத்து நிறையவில்லை என்று சொல்லிப் பணிக்கொடை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தினக்கூலிக் காலத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும் என்று சங்கத்தில் சொன்னதால் மனு கொடுத்தோம். "ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வேலை இருந்திருக்காது. அது தொடர்பணிதானா என்று அரசிடம் தெளிவுரை கேட்டிருக்கிறோம்" என்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக இதே பதில்தான். நாங்களே சென்னையில் உள்ள சட்டத் துறைக்கு எழுதி, விதி என்ன சொல்கிறது என்று எழுத்தில் வாங்க முடியுமா? அப்பாவோடு வேலை பார்த்து 2006-இல் நிரந்தரமானவருக்கும் இது பொருந்துமா?
(வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: எழுதலாம், ஆனால் பதில் வராது. சட்டத் துறை அரசின் மற்ற துறைகளுக்குத்தான் கருத்துச் சொல்லும். நிதித்துறையின் ஓய்வூதியப் பிரிவும் துறைத் தலைவர் வழியாக வரும் கோப்புக்குத்தான் தெளிவுரை தரும். தனியாள் அனுப்பும் கடிதம் ஒவ்வொரு மேசையாக இறங்கி, 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு கடைசியில் நீங்கள் நடையாய் நடக்கும் அதே அலுவலகத்துக்கே வந்து சேரும். அதற்குள் ஆறு மாதம் போய்விடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் இதே கதைதான். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டுமே தவிர, விதிக்குப் புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. ஆனால் அதே சட்டத்தை வேறு விதமாக நீங்கள் பயன்படுத்தலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மனுவின் நகலைப் படித்தேன். "தினக்கூலிக் காலத்தைச் சேர்க்க வழி உண்டா எனத் தெரிவிக்கவும்" என்று முடித்திருக்கிறீர்கள். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. கேள்வி கேட்டால் "விசாரித்துச் சொல்கிறோம்" என்று ஒரு வரி போதும், அதோடு அவர்கள் கடமை முடிந்தது. உரிமை கோரினால் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று ஆணை போட வேண்டும். மறுப்பு ஆணை கையில் வந்தால்கூட நமக்கு லாபம்தான், அதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும்.

விதியில் தெளிவுபடுத்த எதுவும் பாக்கி இல்லை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978, விதி 11-ஐயும், நிதித்துறையின் 25.8.2009 தேதியிட்ட அரசாணை 408-ஐயும் சேர்த்துப் படியுங்கள். 1.4.2003-க்கு முன் நிரந்தரப் பணியில் ஈர்க்கப்பட்டவர்களுக்கு, அதற்கு முன் தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ பார்த்த வேலையில் பாதி ஓய்வூதியத்துக்குச் சேரும். வேலை முழுநேரமாக இருந்திருக்க வேண்டும், இடையில் முறிவில்லாமல் நிரந்தரப் பணியில் சேர்ந்திருக்க வேண்டும். அப்பாவின் தினக்கூலிக் காலம் 16 ஆண்டு, பாதி 8. நிரந்தரப் பணி ஒன்பதரையைக் கூட்டினால் பதினேழரை ஆண்டு. முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு, அதாவது 60 அரையாண்டு வேண்டும். அப்பாவுக்கு 35 அரையாண்டு இருக்கிறது. ஆகவே கடைசி ஊதியத்தில் பாதியை எடுத்து, அதில் 60-க்கு 35 பங்கு அவருக்கு உண்டு. அது சிறிய தொகையாக வந்தாலும் கவலை வேண்டாம். 2017 ஊதியத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச ஓய்வூதியமே மாதம் 7,850 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி.

இனி அந்தத் தண்ணீர் விஷயம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதை வைத்துக்கொண்டு, பிப்ரவரியிலிருந்து மே வரை மதகில் ஆளுக்கு வேலையே இல்லை என்று சொல்வது டெல்டாவில் பிறந்த யாருக்கும் பொறுக்காது. ஷட்டரைக் கழற்றிக் கிரீஸ் போடுவது, பல்சக்கரத்தைச் சரிபார்ப்பது, தூர்வாருவது, கரை உடைந்த இடத்தில் மண் அணைப்பது, மணல் அள்ளுகிறவர்களைக் கண்காணிப்பது எல்லாம் கோடையில்தான் நடக்கும். அந்த வேலை நடக்காவிட்டால் குறுவைக்கு விடும் தண்ணீர் கடைமடைக்குப் போகாது. இன்னொன்றும் கவனியுங்கள். அதே மதகில் இருந்த நிரந்தர லஸ்கருக்கு, அதாவது மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு, 12 மாதமும் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத மாதத்தில் அவருக்கு வேலை இருந்தது என்றால், பக்கத்தில் நின்ற தினக்கூலிக்கும் இருந்திருக்க வேண்டும். இந்த வாதத்தை மனுவில் அப்படியே எழுதுங்கள்.

ஆனால் வாதம் மட்டும் போதாது, மஸ்டர் ரோல், அதாவது தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு வேண்டும். தகவல் உரிமை மனு இதற்குத்தான் உதவும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 1985 முதல் 2001 வரை அப்பா பெயர் உள்ள மஸ்டர் ரோல்களின் நகல் கேளுங்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே மாதங்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பணிப்பதிவேட்டின் முழு நகல் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது 2001 பணி வரன்முறை ஆணையும் அதன் இணைப்பும், அதற்காகக் கீழிருந்து அனுப்பிய முன்மொழிவும். "இன்ன தேதியிலிருந்து தொடர்ந்து வேலை பார்க்கிறார்" என்று அலுவலகமே அன்றைக்குச் சான்று கொடுத்திருந்தால், இன்று மாற்றிப் பேச முடியாது. மஸ்டர் ரோல் அழிந்துவிட்டது என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், அப்போது இந்த இணைப்பே நமக்குச் சாட்சி.

அதே மனுவில், தெளிவுரை கேட்டு அனுப்பிய கடிதத்தின் எண், தேதி, நகல், வந்த பதில் இவற்றையும் கேளுங்கள். இதே போன்ற வழக்குகளில், அப்படி ஒரு கடிதமே போகவில்லை என்று கோப்பைப் பார்த்தபின் தெரிய வந்ததை நான் கண்டிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். 2021-இல் நீர்வளத்துறை பொதுப்பணித்துறையிலிருந்து தனியாகப் பிரிந்ததால், கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆவணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே செயற்பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை மனு அனுப்புங்கள். ஓய்வூதிய முன்மொழிவு தயாரித்து மாநிலக் கணக்காயருக்கு அனுப்ப வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிய பணிக்கொடையை நிலுவையில் கழித்துக்கொள்ளச் சம்மதம் என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அதையே ஒரு தடையாகச் சொல்வார்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் காலதாமதம் என்று வழக்கைத் தள்ள மாட்டார்கள். ஆனால் 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும். தெளிவுரை வரட்டும் என்று நீங்கள் காத்திருந்த ஒவ்வொரு மாதமும் பழைய பக்கத்தில் ஒரு மாத ஓய்வூதியம் கரைந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கே மனம் கனக்கிறது. இரண்டு மாதம் பாருங்கள், ஆணை வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளைக்குப் போகும், திருவாரூர் மாவட்டம் சென்னைக்குத்தான். "மனுவைப் பரிசீலிக்கவும்" என்ற ஆணையோடு திருப்திப்படாமல், ஓய்வூதியம் வழங்க உத்தரவிடும்படியே கேளுங்கள். பரிசீலிக்கச் சொன்னால் பரிசீலித்து மறுப்பார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். செலவுக்கு வழியில்லை என்றால் திருவாரூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வழக்கறிஞர் கட்டணமில்லாமல் கிடைப்பார்.

2006-இல் நிரந்தரமானவர் விஷயத்தில் நம்பிக்கை தர முடியவில்லை. 1.4.2003-க்குப் பிறகு ஈர்க்கப்பட்டவர்கள், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பழைய பணியில் பாதி சேராது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குப் போட்டால் நிச்சயம் கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அவருடைய பங்களிப்புத் தொகையும் அதன் வட்டியும் முழுமையாகக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் மனுவில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அப்பாவின் ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டால்தான் அவருக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். அம்மாவின் பெயர், பிறந்த தேதி, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம் மூன்றையும் புது மனுவோடு இணையுங்கள். ஆதாரிலும் பணிப்பதிவேட்டிலும் அம்மாவின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.